இரண்டாவது நாய் யாருக்காக

காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். அடுப்பில் பால் பொங்குவதற்குள் கைபேசியில் நேரத்தைப் பார்த்தேன். அதனால் அந்த நிமிடம் மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. பதினைந்து வயது மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கள் நாயின் சங்கிலியைக் கையில் சுற்றியபடி, மேல் ரோட்டால் போகவா, கீழ் ரோட்டால் போகவா என்று கேட்டாள். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். இடுப்பில் படங்குத் துணியும் தலையில் தேயிலைக் கொழுந்துச் சாக்குமாக ஐந்தாறு பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"வேலை நடக்குது. மேல் ரோட்டாலேயே போ," என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு பதுளைக்கு அருகே ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்துக்குக் கீழே, ஏழு பேர்ச் துண்டுக் காணியில் கட்டியது. மேல் ரோட்டில் இருநூறு அடி ஏறினால் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரின் குவார்ட்டர்ஸ். கண்டக்டர் ஐயா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவரிடம் இரண்டு பெரிய நாய்கள். இரண்டும் கறுப்பு, இரண்டும் ரொட்வைலர். பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் போட்டு மலைக்குப் பிரித்து அனுப்பும் காலைக் கூட்டம், அவருடைய கேட்டுக்கு முன்னால்தான் நடக்கும். ஆகவே வேலை நாட்களில் விடியுமுன்பே நாய்களைக் கட்டிவிடுவார். ஞாயிறும் போயாவும் பெரட்டு இல்லை, நாய்கள் அவிழ்ந்திருக்கும், கேட்டும் பாதி திறந்திருக்கும். அந்த நாட்களில் நாங்கள் கீழ் ரோட்டால் போவோம். பெண்கள் மலைக்கு ஏறினால் நாய்கள் கட்டியிருக்கின்றன, ஏறாவிட்டால் அவிழ்ந்திருக்கின்றன. வருடக்கணக்காக இதுவே எங்கள் வீட்டுக் கணிப்பு.

அன்று நடந்தது கைக்காசு வேலை. கொழுந்து அதிகமாக வரும் காலத்தில், விடுமுறை நாளில் விருப்பமுள்ளவர்கள் போய் எடுத்து, எடுத்த அளவுக்குக் கையில் காசு வாங்கிக்கொள்வது. அதற்குப் பெரட்டு கிடையாது. வீட்டிலிருந்து நேரே மலைக்குப் போய்விடுவார்கள். கண்டக்டரின் கேட்டைத் தவிர்த்துக் குறுக்குப் பாதையில், கையில் ஒரு தடியோடு. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மா கைக்காசுக்குப் போன நாட்களில் நானும் பின்னால் போயிருக்கிறேன். படித்து, டீச்சராகி, சொந்த வீடு கட்டி இறங்கி வந்த இருபது வருடத்தில், ஜன்னலுக்கு வெளியே போகும் சாக்கைப் பார்த்து அது எந்த வேலைக்குப் போகிற சாக்கு என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

பால் பொங்கி வழிந்தபோது சத்தம் கேட்டது. மகள் கத்திய சத்தமில்லை. எங்கள் நாய் கத்தியது.

ஓடிப்போனபோது பார்த்ததை முழுவதும் எழுதப்போவதில்லை. எங்களுடையது ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு, ஆறு வயதுப் பெட்டை, பெரிய உடம்பு, ஆனால் பூனைக்கே வழி விடுகிற குணம். அது கீழே கிடந்தது. ஒரு கறுப்பு நாய் காதையும் மற்றது பின்னங்காலையும் பிடித்திருந்தன. மகள் சங்கிலியை விடாமல் நடுவில் கையை நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து பெண்கள் தடிகளோடு இறங்கி ஓடிவந்துதான் விரட்டினார்கள். கண்டக்டர் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் முதலில் தன் நாய்களின் வாயைத்தான் திறந்து பார்த்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

மகளின் இடது முன்கையில் பதினொரு தையல். பதுளை வைத்தியசாலையில் நாய்க்கடி ஊசிக்காகத் திரும்பத் திரும்பப் போய் நின்றோம். எங்கள் நாய்க்கு ஒரு காதில் பாதி போய்விட்டது, பின்னங்கால் நொண்டியது. காயம் ஆறியபிறகும் அது மகளின் கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே வர மறுத்தது. மகளும் மேல் ரோட்டில் கால் வைக்க மறுத்தாள். பாடசாலை பஸ்ஸுக்கு அதுதான் வழி. தபால் கந்தோர் வேலைக்குப் போகிற என் கணவர் அவளைத் தினமும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு கீழால் சுற்றிப் போனார்.

பொலிஸில் முறைப்பாடு செய்தோம். கண்டக்டர் அங்கே மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். சிங்களத்தில் பொலிஸ்காரருக்குச் சொன்னதை எனக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

"போயாவுக்குப் பெரட்டு இல்லேன்னு தோட்டத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டீச்சரும் லயத்துல பொறந்தவங்கதானே. அவங்களுக்குத் தெரியாதா?"

என் கணவர் பதில் பேசினார். நான் முறைப்பாட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேல் ரோட்டால் போகச் சொன்னது யார் என்று அவள் அங்கே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அவள் சொல்லாமலிருந்தது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் வேறு பேச்சை எடுத்தேன்.

அந்த வாரத்திலிருந்து அந்த மனிதரை நான் வெறுத்ததுபோல வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் முகம் வரும். பயிற்சிக் கொப்பி திருத்தும்போது, அவர் நாயின் வாயைத் திறந்து பார்த்த அந்தக் கை வரும். மன்னிப்புக் கேட்டால் போதாது என்று தோன்றியது. அவர் பயப்பட வேண்டும். தன் வீட்டு வாசலில், தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வெளியே கால் வைக்க முடியாமல் நிற்க வேண்டும். அதை ஆட்கள் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நாய் என்ற யோசனை இப்படித்தான் வந்தது. வீட்டில் நான் அதை வேறு மாதிரிச் சொன்னேன். மகளுக்குத் துணை, நாய்க்குத் துணை, பெரியதாக ஒன்று கூட நடந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்றேன். கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஏழு பேர்ச்சில் வீடு போக மிஞ்சிய இடத்தில் ஒரு கொய்யா மரமும் துணி காய்கிற கொடியும் இருந்தன.

"ரெண்டாவது நாய எங்க கட்டுறது, கொடியிலயா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அடிபட்ட நாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய நாயைக் கொண்டுவந்தால் அது என்ன நினைக்கும், பிள்ளை என்ன நினைப்பாள், இன்னும் கொஞ்ச நாள் பொறுப்போமே என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். உங்கள் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். அவர் விட்டுக்கொடுத்தார். அந்தக் கையை நான் அப்படித்தான் பயன்படுத்தினேன்.

பண்டாரவளையில் இருக்கும் கணவரின் அக்கா மூலம் ஒரு மரக்கறி லொறிக்காரரைப் பற்றித் தெரியவந்தது. அவர் கடைத்தெருப் பக்கம் வீடு மாறிவிட்டதால், வளர்த்த நாயை வைத்திருக்க இடமில்லை. நல்ல கைக்குக் கொடுத்தால் போதும் என்றாராம். போய்ப் பார்த்தேன். மூன்று வயது ஆண் நாய், மாஸ்டிஃப் கலப்பு, மண் நிறம். எழுந்து நின்றால் தலை என் இடுப்புக்கு வந்தது. என் தேவைக்கு அதைவிடப் பொருத்தமான நாய் இருந்திருக்க முடியாது. ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், சரிவந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்கிறேன் என்றார் லொறிக்காரர். ஒரு விஷயம் மட்டும் இரண்டு தரம் சொன்னார். இதை நேரே வீட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் உங்கள் நாயையும் இதையும் பொதுவான ஓர் இடத்தில் தள்ளித் தள்ளி நடக்கவிடுங்கள். வாசனை பழகட்டும். அப்புறம் வீட்டு வளவுக்குள் விடலாம்.

தலையை ஆட்டிவிட்டு வந்து, அன்றே வளவுக்குள் விட்டேன்.

அது நேரே போய் எங்கள் நாயின் தட்டில் வாய் வைத்தது. எங்கள் நாய் சமையலறை வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. மகள் அறை வாசலில் நின்றாள்.

"அம்மா, இது யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்குன்னா எங்கிட்ட கேட்டிருப்பீங்க."

சண்டையாகச் சொல்லவில்லை. கேள்வி கேட்ட அதே குரலில் சொன்னாள். அப்போது பாடசாலை விடுமுறை. மறுநாள் காலை பையைக் கட்டிவிட்டாள். அந்த நாய் இங்கே இருக்கும்வரை அத்தை வீட்டில் இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாளாம். எங்கள் நாயையும் கொண்டுபோகக் கேட்டிருக்கிறாள். ரயிலில் முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். போகும்போது கட்டிலுக்குக் கீழே படுத்து, அதன் முகத்தோடு முகம் வைத்து ஏதோ பேசிவிட்டுப் போனாள்.

ஒரு தாய் அப்போதே நாயைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளை போய்விட்டாள், நாய் இருக்கிறது என்றால் கணக்கு எங்கோ பிழைத்துவிட்டது என்று விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கியதெல்லாம் வேறு. மாலையில் வீட்டில் தடுக்க யாருமில்லை, ஞாயிறுவரை ஐந்து மாலைகள் இருக்கின்றன.

மாலை நாலரைக்குக் கொழுந்து நிறுவை. பெண்கள் சாக்குகளோடு மலையிலிருந்து இறங்கி, கண்டக்டர் வீட்டுக்கு எதிரேயுள்ள நிறுவைக் கொட்டிலில் வரிசையில் நிற்பார்கள். கண்டக்டரும் அங்கே நிற்பார். எனக்கு அந்த நேரம்தான் வேண்டியிருந்தது. முதல் மாலை நாயைப் பிடித்துக்கொண்டு மேல் ரோட்டில் ஏறி, அவருடைய கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே இரண்டு கறுப்பு நாய்களும் பாய்ந்து வந்து கம்பியில் மோதிக் குரைத்தன. என் நாய் குரைக்கவில்லை. அடித்தொண்டையில் ஓர் உறுமல் மட்டும். சங்கிலி வழியாக அது என் உள்ளங்கைக்குள் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டில் ஒன்று குரைப்பதை நிறுத்திவிட்டுப் பின்வாங்கியது. அந்த மாலைபோல ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

வரிசையில் நின்ற பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "என்னா டீச்சர், நாயா கன்னுக்குட்டியா? எத்தன லீட்டர் கறக்குது?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள், டீச்சர் நாளைக்குப் பெரட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்தால் கங்காணி நேரத்துக்கு வருவார் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. நிறுவைக் கொட்டிலிலிருந்து தன் வீட்டுக்குப் போகும் வழியில் நான் நின்றதால், நான் நகரும்வரை தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் நகர அவசரப்படவில்லை.

இரண்டாம் மாலையும் போனேன். மூன்றாம் மாலையும் போனேன். வீட்டில் எங்கள் நாய் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. கணவர் சோற்றைப் பிசைந்து கட்டிலுக்குக் கீழே கையை நீட்டி ஊட்டினார். புதியது துணிக்கொடியை அறுத்தது, கொய்யா மரத்தடியை எடுத்துக்கொண்டது, கணவரைக் கண்டால் உறுமியது. அவர் தன் வீட்டுக்குள் பின்வாசலால் வரப் பழகினார். மகளுக்குத் தினமும் போன் எடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆம் என்பாள், கை வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். பிறகு, "இன்னும் இருக்கா?" என்று கேட்பாள். இருக்கிறது என்பேன். சரி என்று வைத்துவிடுவாள்.

நான்காம் மாலை மழை தூறியது. கேட்டுக்கு முன்னால் நின்றபோது கண்டக்டர் முதல்முறையாக என்னை நோக்கி நடந்து வந்தார். நான் சங்கிலியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். அவர் வர வர, ஒரு சுற்றை அவிழ்த்தேன். தெரிந்துதான் அவிழ்த்தேன். இதை என் கணவருக்கும் நான் சொல்லியிருக்கிறேன்.

அதே நேரம் எனக்குப் பின்னால் குறுக்குப் பாதையிலிருந்து ஒருத்தி சாக்கோடு இறங்கினாள். ஈரத்தில் கால் வழுக்கி, சாக்கு தலையிலிருந்து தடாரென்று விழுந்தது. நாய் திரும்பிப் பாய்ந்தது. கண்டக்டரை நோக்கி அல்ல, அவளை நோக்கி. ஒரு சுற்றுச் சங்கிலியோடு நான் முழங்காலில் விழுந்து ரோட்டில் இழுபட்டேன். தோள்பட்டை கழன்றதுபோல இருந்தது. அவள் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டாள். நாயின் வாய்க்கும் அவள் காலுக்கும் ஒரு சாண் இருக்கலாம். படங்கின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தது.

"சங்கிலிய கையில சுத்துங்க டீச்சர். சுத்துங்க. இழுக்காதீங்க, சுத்துங்க," என்று கண்டக்டரின் குரல் கேட்டது. பதறாத குரல். நான் சுற்றினேன். அவர் பக்கத்தில் வந்து என் கைக்கு முன்னால் சங்கிலியைப் பிடித்தார். இருவருமாக இழுத்து நிறுத்தினோம். பிறகு அவர் கையை எடுத்துவிட்டு விலகி நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

விழுந்தவள் தோட்டப் பாடசாலையில் என்னோடு ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். அன்று என் மகளுக்காகத் தடியோடு ஓடிவந்தவர்களில் அவளும் ஒருத்தி. சிந்திய கொழுந்தை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அவராவது நாய அவுத்துவுட்டுட்டுத் தூங்குனாரு. நீங்க முழிச்சிக்கிட்டே கூட்டிக்கிட்டு வர்றீங்க."

அள்ளுவதற்கு உதவக் குனிந்தேன். "நீங்க நாயப் புடிங்க டீச்சர்," என்றாள்.

வீட்டுக்கு வந்து முழங்காலைக் கழுவினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் வந்ததும் கோபம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. அவர் அமைதியாக நின்றது, சங்கிலியைப் பிடித்தது, கையை எடுத்தது எல்லாம் சேர்ந்து என்னை இன்னும் எரித்தது. இப்போது நாயைத் திருப்பிக் கொடுத்தால், டீச்சர் பயந்து கொடுத்துவிட்டாள் என்றுதான் அவர் நினைப்பார். நிறுவை வரிசையில் அதைத்தான் பேசுவார்கள். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் முடிவைச் சொன்னேன். நாய் இருக்கும். மேல் ரோட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன், ஆனால் இருக்கும். எங்கள் கேட்டுக்கு உள்ளே நின்று அவர் போகும்போதெல்லாம் உறுமட்டும். அது போதும்.

அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "அப்ப பிள்ளை?" என்றார்.

வருவாள், பழகிவிடுவாள் என்றேன். அவர் எழுந்து போய் எங்கள் நாய்க்குச் சோறு ஊட்டினார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு லொறிக்காரர் வந்து அந்த நாயை ஏற்றிக்கொண்டு போனார். அது இப்போது வெலிமடைப் பக்கம் ஒரு பெரிய உருளைக்கிழங்குத் தோட்டத்தில், ஓடுவதற்கு நிறைய இடத்தோடு இருக்கிறது. நல்ல நாய் என்கிறார்கள். அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு நாய்தான் இருக்கிறது. கண்டக்டரை நான் மன்னிக்கவில்லை. இன்றும் எதிரே வந்தால் ரோட்டின் மறுபக்கம் போகிறேன். அவர் நாயின் வாயைத் திறந்து பார்த்ததை மறக்க எனக்கு எந்த அவசரமும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, லொறிக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே ஒருவர் வந்துவிட்டார்.

நாயை வளவுக்குள் அவிழ்த்து விட்டிருந்தேன். லொறிக்காரரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு திண்ணையில்லாத எங்கள் முன்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். மேலே கறுப்பு நாய்கள் குரைத்தன. ஞாயிறாக இருந்தும், கூடவே சங்கிலி உரசும் சத்தம். பிறகு அடங்கியது. மேல் ரோட்டு வளைவில் யாரோ இறங்கி வந்தார்கள். பை ஒரு தோளில், இடது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்த நடையிலேயே மகள் என்று தெரிந்தது. பஸ்ஸில் வந்து மேலே இறங்கியிருக்கிறாள். யாரும் கூட வரவில்லை. அந்தக் கேட்டைத் தாண்டி அவள் ஒருத்தியாகவே நடந்து வந்திருக்கிறாள்.

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் நாய் ஓடியது. எங்கள் கேட்டில் முன்னங்கால்களைப் போட்டு எழுந்து நின்று, அவள் உயரத்துக்கு மேல் தலையைத் தூக்கி உறுமியது. மகள் ரோட்டின் மறுபக்கம், தேயிலைச் செடியில் முதுகு படும் அளவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஆனால் ஓடவில்லை. நாயைப் பார்க்கவில்லை, அதற்கு மேலால் என்னைப் பார்த்தாள். உள்ளே கட்டிலுக்குக் கீழிருந்து எங்கள் நாய் அவள் வாசனையை அறிந்து முனகியது.

"மேல ரெண்டும் கட்டித்தாம்மா இருக்கு," என்றாள். "நீங்க இதக் கட்டுங்க. நான் வீட்டுக்குள்ள வரணும்."